ஷார்ல் பார்க்கும் அவர் விட்டுச்சென்ற 197 தாள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஷார்ல் பார்க்?

19ஆம் நூற்றாண்டில் பாரிசில் வாழ்ந்த ஓவியர், கல்லச்சுக் கலைஞர். 1826இலோ 1827இலோ பிறந்து 1883இல் இறந்தார். கூப்பில் என்ற பெரிய கலைப் பதிப்பகத்துக்கு வேலை செய்தார். மற்ற ஓவியர்களின் படங்களை லித்தோகிராஃப் கல்லில் வரைந்து, அச்சுக்குத் தயார்செய்து கொடுப்பது அவருடைய தொழில். சொந்தமாகத் தீட்டிய ஓவியங்கள் குறைவு, அளவிலும் சிறியவை. கலை வரலாற்று நூல்களில் அவருக்கு ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம். ஆனால் டிராயிங் கற்றுக்கொள்ளும் ஒருவர் உலகத்தில் எந்த ஊரில் இருந்தாலும், கொஞ்சம் ஆழமாகப் போனால், அவர் செய்த டிராயிங் பாடத்தாள்களைக் குறிக்கும் ‘பார்க் பிளேட்’ என்ற பெயரைக் கேட்காமல் இருக்கமாட்டார்.

‘அகாடமிக் ஓவியர்’ என்று அவரைச் சொல்வது சரியா?

பாணியை வைத்துச் சொன்னால் சரி. பாரிசின் எகோல் தெ போஸார் கலைப்பள்ளியும், ஆண்டுதோறும் நடந்த ‘சலோன்’ கண்காட்சியும் கட்டிக்காத்த மரபு அது. முதலில் அச்சுப்படத்தைப் பார்த்து வரை, பிறகு பிளாஸ்டர் வார்ப்பு, அதற்கப்புறம்தான் உயிருள்ள மாடல், கடைசியில் வண்ணம் என்பது அதன் வரிசை. பதவியை வைத்துச் சொன்னால் பார்க் அந்த வட்டத்தின் ஓரத்தில் நின்றவர். இளம் கலைஞர்களுக்குப் பிரெஞ்சு அரசு கொடுத்த ரோம் பரிசை வாங்கியவரில்லை, கலைப்பள்ளிப் பேராசிரியரும் இல்லை. அந்த மரபின் பாடத்தை எல்லோரையும்விடத் தெளிவாக எழுதிவைத்தவர் ஓரத்தில் நின்ற இந்தத் தொழிலாளிதான்.

ழெரோமின் பெயரும் கூடவே வருகிறதே, யார் எதைச் செய்தார்கள்?

முகப்புத் தாளிலேயே விடை இருக்கிறது: டிராயிங் பாடம் பார்க்குடையது, ழான்-லெயோன் ழெரோமின் ஒத்துழைப்போடு. ழெரோம் அப்போது பிரான்சின் பெயர்பெற்ற ஓவியர், எகோல் தெ போஸாரில் பேராசிரியர். பதிப்பாளர் அடோல்ஃப் கூப்பிலின் மகளை மணந்தவரும்கூட. ஆகவே அட்டையில் அவர் பெயர் இருப்பது கல்வித் தரத்துக்கு உத்தரவாதம், விற்பனைக்கும் நல்லது. கல்லின்மேல் கிரேயான் பிடித்த கை பார்க்குடையது. இணையத்தில் சிலர் ‘ழெரோம் பாடம்’ என்றே எழுதுகிறார்கள். அது பார்க்குக்கு நியாயமில்லை.

தொகுப்பில் என்னென்ன இருக்கின்றன?

மூன்று பகுதிகள், மொத்தம் 197 தாள்கள். 1860களின் பிற்பாதியில் வெளிவரத் தொடங்கி 1870களின் தொடக்கத்தில் முடிந்தன. கட்டிய புத்தகமாக அல்ல, உதிரித் தாள்களாக. ஒரு தாள் ஏறத்தாழ 60 × 46 செ.மீ. மாணவர் அதைப் பலகையில் குத்திவைத்து வரையவேண்டும் என்பதற்காகவே அந்த அளவு.

முதல் பகுதி 70 தாள்கள், பிளாஸ்டர் வார்ப்புகளைப் பார்த்து வரைந்தவை. கண், காது, மூக்கு, வாய் என்று தொடங்கி, பாதம், கை, கால், தலை, உடற்பகுதி வழியாக முழுச் சிலை வரை போகிறது. பெல்வெடேர் உடற்பகுதி போன்ற பழம்பெரும் சிற்பங்களும் இதில் உண்டு. பல தாள்களில் முடிந்த படத்துக்குப் பக்கத்திலேயே அதே உருவம் நேர்க்கோடுகளால் மட்டும் கட்டப்பட்ட வடிவில் இருக்கும். இந்தத் தொகுப்பின் உயிர் அந்தக் கோட்டு வடிவத்தில்தான் இருக்கிறது. அவசரக்காரர்கள் முதலில் தாண்டிப்போவதும் அதைத்தான்.

இரண்டாம் பகுதி 67 தாள்கள், பெரிய ஓவியர்களின் வரைபடங்களைத் தழுவியவை. ரஃபேல், மைக்கேலேஞ்சலோ எல்லாம் உண்டு என்றாலும் 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய ஓவியர் ஹோல்பைனின் உருவப்படங்களுக்குத்தான் முன்னுரிமை. ஒற்றைக் கோட்டில் கன்னத்தின் வளைவைச் சொல்லிவிடும் ஹோல்பைனைத் தேர்ந்தெடுத்ததிலேயே தொகுத்தவர்களின் ரசனை தெரிகிறது.

மூன்றாம் பகுதி 60 தாள்கள். உயிருள்ள மாடலை வரையப்போகுமுன் செய்யவேண்டிய கரிப் பயிற்சிகள். நிர்வாண ஆண் உருவங்கள், பெரும்பாலும் வெளிக்கோடு மட்டும், உள்ளே நிழல் மிகக் குறைவு.

இதை ஏன் வெளியிட்டார்கள்?

அந்தக் காலப் பிரான்சில் நாற்காலி, பீங்கான், துணி, நகை எல்லாவற்றுக்கும் வடிவம் போட ஆட்கள் வேண்டியிருந்தது. அவர்களைத் தயார்செய்த டிராயிங் பள்ளிகளில் புழங்கிய மாதிரிப் படங்கள் மட்டமானவை. கல்லச்சில் அடித்துத் தள்ளிய கண்ணும் மூக்கும், அலங்காரக் கோடும் பளபளப்பான தேய்ப்பும் கொண்டவை. அவற்றைப் பார்த்து வரைந்த பையன் தேய்க்கக் கற்றுக்கொண்டான், பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. இதற்கு மாற்றாகத்தான் கூப்பில் இந்தத் தொகுப்பைக் கொண்டுவந்தது. ஓவியர்களை மட்டும் மனதில் வைத்துச் செய்த நூல் இல்லை இது. கைவினைஞர்களுக்கும் சேர்த்துத்தான்.

கல்லச்சு என்பதால் படத்தின் தன்மையில் ஏதாவது மாறியதா?

நிறையவே. பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக்கல்லை மணல் போட்டு அரைத்துச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் கொழுப்புக் கிரேயானால் வரைவார்கள். நைட்ரிக் அமிலம் சிறிது கலந்த கருவேலம்பிசின் கரைசலைப் பூசினால், வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், வரைந்த இடம் எண்ணெய் மையைப் பிடித்துக்கொள்ளும். கல்லில் வரைவது தாளில் இடவலம் மாறித்தான் விழும் என்பதால், எல்லாவற்றையும் திருப்பி வரையவேண்டும். ரப்பரால் அழிக்க முடியாது. தவறான இடத்தைக் கத்தியால் சுரண்டினால் கல்லின் சொரசொரப்பு போய்விடும், அங்கே மறுபடி அதே சாயல் வராது.

அதனால் எந்த நிழல் எங்கே முடியும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்தாக வேண்டும். பார்க்கின் தாள்களில் நிழல் ஒரே சீரான தட்டையான பரப்பாக இருப்பதற்கும், உள்ளே தெறிக்கும் எதிரொளி அடக்கமாக இருப்பதற்கும் இந்தத் தொழில் ஒழுக்கம் பெரிய காரணம். பிளாஸ்டரை நேரில் பார்த்தால் இவ்வளவு சுத்தமாகத் தெரியாது. மாணவருக்காக அவர் முன்னாலேயே எளிமையாக்கி வைத்திருக்கிறார்.

அவருடைய ஓவியங்களை எங்கே பார்க்கலாம்?

எளிதில் பார்க்கக்கூடியவை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள இரண்டு. ஒன்று, சீருடையோடு உட்கார்ந்தபடியே தூங்கிப்போன ஓர் ஏவலாள், 1871. இன்னொன்று பாஷி-பசூக், அதாவது உஸ்மானியப் படையின் முறைசாராச் சிப்பாய், 1875. இரண்டுமே அரை மீட்டர் உயரத்தை எட்டாத படங்கள். 18ஆம் நூற்றாண்டு உடையணிந்த வேலையாட்களும் கீழைநாட்டுச் சிப்பாய்களும் அன்றைய பணக்கார அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்குப் பிடித்த சரக்கு. இந்த இரண்டும் அத்தகையவர்களின் உயில் கொடையாகவே அருங்காட்சியகத்துக்கு வந்தன. அதே காலத்துப் பிரெஞ்சு ஓவியர் மெய்சொனியேயின் நுணுக்கத்தை நினைவுபடுத்தும் வேலை. ஆனால் தூங்கும் ஏவலாளின் உடல் எடை இருக்கையில் இறங்கியிருக்கும் விதத்தைப் பாருங்கள். அது பாடத்தாள் வரைந்தவரின் கண்.

வான் கோ இதைப் பார்த்துத்தான் கற்றார் என்பது உண்மையா?

உண்மை. 1880இல், 27 வயதில், பெல்ஜியத்தின் போரினாஜ் நிலக்கரிப் பகுதியில் குவெம் என்ற ஊரில் இருந்துகொண்டு ஓவியனாவது என்று முடிவெடுத்தபோது அவருடைய முதல் பாடநூல்களில் ஒன்று இதுதான். அவரே முன்பு கூப்பில் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஹேக் நகரக் கிளையின் மேலாளர் டெர்ஸ்டீக் வழியாகத் தாள்கள் கிடைத்தன. கரிப் பயிற்சிகளை ஒருமுறையோடு நிறுத்தாமல் மறுபடியும் வரைந்தார். பத்து ஆண்டு கழித்து 1890 ஜூனில், பாரிசுக்கு அருகிலுள்ள ஓவேரிலிருந்து தம்பி தியோவுக்கு எழுதும்போதும் அதே பயிற்சித் தாள்களைக் கேட்கிறார். அடுத்த மாதக் கடைசியில் இறந்துபோனார். நட்சத்திர இரவை வரைந்து முடித்தவர் பாலபாடத்தைத் திரும்பக் கேட்டார் என்பதை, ‘பேசிக் எல்லாம் எனக்குத் தெரியும்’ என்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

பிக்காசோவும் சிறுவயதில் பார்க்கின் தாள்களைப் பார்த்து வரைந்திருக்கிறார்.

நானும் வரைய விரும்புகிறேன். எந்தத் தாளில் தொடங்குவது?

கோட்டு வடிவமும் முடிந்த வடிவமும் சேர்ந்திருக்கும் முதல் பகுதித் தாள் ஒன்று. பாதம் நல்ல தொடக்கம். கண், மூக்கு வரிசையில் முதலில் வந்தாலும், கண்ணை எல்லோருமே ‘தெரிந்ததாக’ நினைத்து மனதிலிருந்து வரைந்துவிடுவார்கள். பாதத்தைப் பற்றி நம்மிடம் அப்படிப்பட்ட முன்முடிவு குறைவு. முதல் தாளுக்கே முகத்தை எடுக்கவேண்டாம். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் வேறு ஆளாகிவிடும், மனம் விட்டுப்போகும்.

ஆசிரியர் இறந்து 140 ஆண்டுக்கு மேல் ஆனதால் படங்களுக்குக் காப்புரிமை இல்லை. 2003இல் ஜெரால்ட் ஆக்கர்மன் என்ற கலை வரலாற்றாசிரியர் தொகுப்பு முழுவதையும் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் உலகெங்கும் இது மறுபடி புழக்கத்துக்கு வந்தது.

பிரிண்ட் எடுக்கும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

ஏ2 தாளில் எடுத்தால் அசலில் சுமார் 90 விழுக்காடு கிடைக்கும். ஏ3 என்றால் 65 விழுக்காடுதான், பாதத்துக்குப் போதும், முழு உருவத்துக்குப் போதாது. கடையில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று கொடுத்தால் சில சமயம் அகலம் ஓர் அளவிலும் உயரம் வேறு அளவிலும் நீண்டுவிடும். கோப்பின் நீள அகல விகிதத்தையும் அச்சின் விகிதத்தையும் அளவுகோலால் சரிபாருங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம், விளக்கு பட்டால் கருப்பெல்லாம் சாம்பலாகத் தெரியும். போன் திரையைப் பார்த்து வரைவது வீண்வேலை. அளவெடுக்கவும் முடியாது, திரையின் வெளிச்சத்தில் இடைச்சாயல்கள், அதாவது வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடுவிலுள்ள சாயல்கள் எல்லாம் உண்மையைவிட வெளுப்பாகத் தெரியும்.

என்ன பொருட்கள் வேண்டும்?

வில்லோ மரத்திலோ திராட்சைக்கொடியிலோ (vine) செய்த மெல்லிய கரிக்குச்சி, மென்மையானதும் கடினமானதுமாக இரண்டு தரம். 220 எண் உப்புத்தாள், முனையைக் கூராக்க. பிசைந்து உருட்டக்கூடிய நீடபிள் இரேசர். மென்மையான பெயின்ட் பிரஷ் ஒன்று. கருப்பு நூல் அரை மீட்டர். தூக்குக்குண்டு ஒன்று, நூலில் ஒரு நட்டைக் கட்டினாலும் போதும். சின்னக் கைக்கண்ணாடி. தாள் லேசான சொரசொரப்போடு இருக்கவேண்டும். வழுவழுப்பான கார்ட்ரிட்ஜ் தாளில் கரி பிடிக்காமல் உதிரும், வாட்டர்கலர் தாளின் முரட்டுப் பரப்பில் நிழல் புள்ளிபுள்ளியாக நிற்கும்.

பென்சிலில் செய்யலாமா என்று கேட்பார்கள். செய்யலாம், 2எச், எச்பி, 2பி போதும். ஆனால் கிராஃபைட் மினுமினுக்கும், ஓர் அளவுக்குமேல் கருக்காது. இந்தத் தாள்களின் கருமைக்குக் கரிதான் பொருந்தும். கடலோர ஊர்களில் ஈரக்காற்றில் தாள் நெளியும். நான்கு ஓரமும் டேப் ஒட்டி, அடியில் இன்னும் இரண்டு தாள் மெத்தையாக வைத்தால் கரி சீராக இறங்கும்.

எப்படி அமைத்துக்கொண்டு வரைவது?

பிரிண்ட்டையும் தாளையும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். பலகை செங்குத்தாக இருக்கவேண்டும். மேசையில் படுக்கவைத்து வரைந்தால் மேல்பகுதி கண்ணுக்குத் தூரமாகிச் சுருங்கித் தெரியும். அதை ஈடுகட்ட நம் கை தானாகவே நீட்டி வரைந்துவிடும். நிமிர்த்திப் பார்த்தால் பாதம் படகுபோல நீண்டிருக்கும்.

படத்தின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்தில் நிற்க ஓர் இடம் குறியுங்கள். 40 செ.மீ. படத்துக்கு 1.2 மீட்டர். தரையில் டேப் ஒட்டி, ஒவ்வொருமுறையும் அதே இடத்தில் காலை வையுங்கள். அளவெடுப்பது, முடிவெடுப்பது எல்லாம் அங்கிருந்துதான். கிட்டே போவது கோடு போட மட்டும். விளக்கு இரண்டு தாளிலும் ஒரேமாதிரி விழட்டும்.

பிரிண்ட்டில் ஒரு முக்கியமான புள்ளி வழியாகத் தூக்குக்குண்டு பிடித்து செங்குத்துக் கோடு போடுங்கள், கணுக்கால் எலும்பின் உச்சி வழியாக என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தாளிலும் அதேபோல் ஒன்று. நூலைக் கிடையாக இழுத்துப் பிடித்து உருவத்தின் உச்சி, அடி இரண்டையும் தாளுக்குக் கடத்துங்கள். பிறகு இடக்கோடி, வலக்கோடி. இந்த நான்கு எல்லையும் சரியாகும்வரை வேறெதுவும் வரையவேண்டாம்.

அடுத்தது நேர்க்கோடுகள். வளைவே கூடாது. வெளிவிளிம்பு திசைமாறும் இடங்களை மட்டும் புள்ளியாகக் குறித்து இணையுங்கள். ஒரு பாதத்துக்கு 10, 12 கோடுகள் போதும். ஒவ்வொன்றின் சாய்வையும் நூலைப் பிடித்துச் சரிபார்த்த பிறகே அதை இரண்டாக உடையுங்கள். அதற்குப் பின், வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் எல்லைக் கோடு. இதையும் விளிம்பைப்போலவே நேர்க்கோடுகளால் கட்டவேண்டும். நிழல் பகுதி முழுவதையும் ஒரே சாயலில் நிரப்புங்கள். இந்தக் கட்டத்திலேயே, விரல் நகம்கூட வராத நிலையிலேயே, தூரத்திலிருந்து பார்த்தால் அது ஒரு பாதமாகத் தெரிந்தாக வேண்டும். தெரியவில்லையென்றால் மேலே போகாதீர்கள். விவரம் சேர்த்தால் சரியாகிவிடும் என்று தோன்றும், ஆகாது.

இடைச்சாயல் கடைசி வேலை. நிழல் எல்லையிலிருந்து வெளிச்சத்தை நோக்கி, கூர்முனைக் கரியால், தாளின் குழிகளை ஒவ்வொன்றாக நிரப்புவதுபோல் மெல்ல நகருங்கள்.

அளவெல்லாம் சரி, ஆனாலும் படம் ஒத்துவரவில்லை. ஏன்?

பெரும்பாலும் சாய்வில் பிழை. உச்சியும் அடியும் சரியாக இருந்து, நடுவிலுள்ள ஒரு கோடு இரண்டு பாகை திரும்பியிருக்கும். கைக்கண்ணாடியை நெற்றியோரம் பிடித்து, பிரிண்ட்டையும் தாளையும் திருப்பிப் பாருங்கள், பிழை துள்ளிக்கொண்டு தெரியும். நின்ற இடம் மாறியிருக்கலாம் என்பது இரண்டாவது காரணம். மூன்றாவது, உள்ளே இருக்கும் வெற்றிடத்தைப் பார்க்காதது. குதிகாலுக்கும் பீடத்துக்கும் நடுவே தெரியும் முக்கோணத்தின் வடிவத்தை வரைந்தால் குதிகால் தானாகச் சரியாகும்.

நிழல் அழுக்குப் பிடித்ததுபோல் தெரிகிறது.

விரலால் தேய்த்திருப்பீர்கள். தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் கரி திட்டாகப் பிடித்துக்கொள்ளும், இரேசரும் எடுக்காது. இன்னொரு காரணம், வெளிச்சப் பகுதியின் இடைச்சாயலை நிழல் அளவுக்குக் கருக்க விட்டது. வெளிச்சத்தில் இருக்கும் மிகக் கருமையான இடம்கூட, நிழலில் இருக்கும் மிக வெளுப்பான இடத்தைவிட வெளுப்பாகத்தான் இருக்கவேண்டும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். பார்க்கின் தாளில் வெளிச்சமும் நிழலும் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும்.

ஒரு தாளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

எளிய தாளுக்கு 15 முதல் 20 மணி நேரம், உடற்பகுதிக்கு 40க்கு மேல். ஒரே அமர்வில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் கண் சலித்து, பிழையே சரிபோலத் தெரிய ஆரம்பித்துவிடும்.

‘சைட்-சைஸ்’ பார்க் உருவாக்கிய முறையா?

இல்லை. பொருளையும் படத்தையும் கண்ணுக்கு ஒரே அளவில் தெரியும்படி பக்கத்தில் வைத்து வரையும் இந்த முறை இன்று பார்க் தாள்களோடு சேர்த்தே கற்றுத்தரப்படுகிறது. காரணம், அமெரிக்காவில் ஐவ்ஸ் காமெல், ரிச்சர்ட் லாக் போன்றோர் வழியாக வந்த ஸ்டூடியோ மரபும், ஃப்ளாரன்சில் டேனியல் கிரேவ்ஸ் 1991இல் தொடங்கிய கலைப்பள்ளி போன்றவையும். மூன்றாம் பகுதித் தாள்களைச் சிறிதாக்கி, கண்ணளவிலேயே விகிதம் பார்த்து வரைவதும் நல்ல பயிற்சிதான்.

கிரிட் போட்டோ டிரேஸ் எடுத்தோ செய்தால் என்ன?

படம் கிடைக்கும், பயிற்சி கிடைக்காது. முடிந்த வரைபடத்தின்மேல் டிரேசிங் தாளை வைத்துப் பிழை கண்டுபிடிப்பது மட்டும் பயனுள்ள விஷயம்.

இப்படிக் காப்பி அடித்தால் சொந்தப் பாணி போய்விடாதா?

வான் கோவுக்கும் பிக்காசோவுக்கும் போகவில்லை. ஆனால் வேறோர் ஆபத்து உண்மையிலேயே உண்டு. சிலர் 30, 40 தாள்களை அச்சு அசலாக முடித்துவிட்டு, உயிருள்ள மாடலின்முன் திகைத்து நிற்கிறார்கள். பார்க் எளிமையாக்கிக் கொடுத்ததை வாங்கிப் பழகியவர்களுக்குத் தாங்களே எளிமையாக்கத் தெரிவதில்லை. நான்கைந்து தாள் முடிந்ததும் ஒரு பிளாஸ்டர் வார்ப்பையோ, மேசைமேல் ஒரு மண்சட்டியையோ ஒற்றை விளக்கில் வைத்து, அதே வரிசையில் வரைந்து பாருங்கள். அங்கே தடுமாறினால் அடுத்த தாளை எந்த இடத்தில் கவனிக்கவேண்டும் என்று தெரியும்.

வண்ணம், அசைவு, படத்தின் அமைப்பு (கம்போசிஷன்) எதையும் இந்தத் தொகுப்பு சொல்லித்தராது. உடற்கூறு பற்றியும் பேச்சில்லை. அழகு என்றால் கிரேக்கச் சிலை என்ற அன்றைய ஐரோப்பிய முடிவும் இதற்குள் இருக்கிறது. அதையும் சேர்த்துப் பாடமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

அசல் தாள் விற்பனைக்கு வந்தால் எப்படி அடையாளம் காண்பது?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சில் பாருங்கள். கல்லச்சில் கிரேயானின் ஒழுங்கற்ற மணல்மணலான தடம் தெரியும். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் பிற்காலத்து ஆஃப்செட் அச்சு. தாளின் அளவு 60 × 46 செ.மீ. அருகில் இருக்கவேண்டும், ஆனால் ஓரம் வெட்டிய தாள்களும் வரும். கீழ்விளிம்பில் கூப்பில் பதிப்பகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிகளில் குத்திக்குத்தி உழைத்த தாள்கள் என்பதால் மூலையில் ஊசித்துளை, கரி விரல்தடம், பழுப்புப் புள்ளிகள் இருப்பது இயல்பு. ஒரு கறையும் இல்லாமல் வெள்ளைவெளேரென்று இருந்தால்தான் கேள்வி கேட்கவேண்டும். கூப்பில் நிறுவனம் அச்சிட்ட படங்களின் பெரும் சேகரம் பிரான்சின் போர்தோ நகரில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் இடம்.